குமானோ மலைப்பாதைக்கு வடசென்னையிலிருந்து கிளம்பும் முன்

திருப்பதி குடை யானைகவுனி தாண்டும்போது கூடவே நடந்து பழகிய கால்கள் நம் பக்கம் ஏராளம். ஜப்பானின் குமானோ கோதோ என்ற பழைய யாத்திரைப் பாதைக்கு அந்தப் பழக்கம் பாதிதான் கைகொடுக்கும். இங்கே நடப்பது சமதரை. அங்கே பாசி பிடித்த கல்படியும் புடைத்த வேருமாக ஏறி ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்; முட்டி போவது இறக்கத்தில்.

ஆகவே மூன்று மாதம் முன்பே இறங்கப் பழகுங்கள். வாரம் மூன்று நாள், நாலு மாடிப் படிக்கட்டு அல்லது ரயில்வே நடைமேம்பாலம்: பத்து முறையில் தொடங்கி முப்பதுக்குக் கொண்டு போகலாம். லிஃப்டில் ஏறி, படியில் இறங்கினாலும் பலன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் திருத்தணி லோக்கல் பிடித்தால் 365 படி. இரண்டாம் மாதக் கடைசியில் அலிபிரி, 3,550 படி. பலரும் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவார்கள்; நீங்கள் நடந்தே இறங்குங்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டால் கவலையில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழே குத்தினால் ஒரு வாரம் நிறுத்துங்கள்.

கோயில் படிகளில் வெறுங்காலோடு போவதால் ஷூ பழகாது. அதற்குத் திருவொற்றியூர்–எண்ணூர் சாலையில் ஐந்து கிலோ பையோடு தனியாக நடக்க வேண்டும். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். சரியான அளவு என்று வாங்கினால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுக்கும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், நனைந்தால் கொப்புளம்தான். கைத்தடியின் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். வெறும் இரும்பு முனை பழைய கல்லையும் வேரையும் கெடுக்கும். பாதை இருக்கும் கீ தீபகற்பத்தில் மழை அதிகம். தொளதொள மழைக்கோட்டு போட்டால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது, இடுப்பளவு ஜாக்கெட்டும் மழைப் பேன்ட்டும் மேல்.

ஏப்ரல், மே, அக்டோபர் கடைசி, நவம்பர் நல்ல காலம். ஜூனில் மழை, ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஹினேனோவில் ரயில் மாறி கீ-தனாபே, அங்கிருந்து பஸ்ஸில் தகிஜிரி. அங்கே தொடங்கும் நகஹெச்சி பாதை ஹோங்கு கோயில் வரை சுமார் 38 கிலோமீட்டர். முதல் நாலு கிலோமீட்டரே செங்குத்து. அன்று தகஹாராவில் தங்கிவிடுவது புத்திசாலித்தனம். மறுநாள் சிகட்சுயு. அங்கிருந்து ஹோங்கு 25 கிலோமீட்டர். வழிகாட்டியோடு போகும் குழுக்கள் பெரும்பாலும் நடுவில் பஸ் ஏறி, ஹொஷ்ஷின்மொன்னில் இறங்கிக் கடைசி ஏழு கிலோமீட்டரை நடக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் கட்டும் முன் வழிகாட்டியிடம் கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை மீட்டர் இறக்கம், நடக்க முடியாதவரை எந்த இடத்தில் பஸ் ஏற்றுவீர்கள், பெட்டியை அடுத்த விடுதிக்கு அனுப்புவது கட்டணத்தில் சேர்த்தியா? பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் நிற்கும். கடைசியாகத் தாண்டிய எண்ணை மனதில் வையுங்கள், உதவி கேட்கும்போது அதைச் சொன்னால் போதும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டும், மரத்தடியில் இன்னும் சீக்கிரம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பெரிய வம்பு சூப். காய்கறி மட்டும் மிதந்தாலும் தாஷி என்ற அடிச்சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் தாஷி போகாது, முன்பதிவிலேயே ‘மீன் தாஷியும் வேண்டாம்’ என்று எழுதுங்கள். பருப்புப் பொடி கொண்டு போகலாம். கறிவேப்பிலைக் கொத்து, மாம்பழம் எல்லாம் விமான நிலையத்திலேயே போய்விடும்.

ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் சன்னதியில் இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் நீரால் சுத்தம் செய்து, இரு முறை குனிந்து, இரு முறை கை தட்டி, ஒரு முறை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கை தட்டக் கூடாது. குமானோவின் இன்னொரு கோயில் தலமான நாச்சியில் ஷிந்தோ கோயிலும் செய்கான்தோ-ஜி புத்தக் கோயிலும் ஒட்டியே இருப்பதால் அங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள்.