விவாகரத்துக்குப் பிறகு போட்ட முதல் டாக்ஸ்

2024 நவம்பரில் எங்கள் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. பத்து மாதம் மனைவியாகத்தானே இருந்தேன், அந்த வருடக் கணக்கை 'மேரீட்' என்றே போடலாம் என்று நினைத்தேன். தப்பு. அமெரிக்காவில் டிசம்பர் 31 அன்று என்ன நிலையோ, அதுதான் முழு வருடத்துக்கும்.

சரி, 'சிங்கிள்' போடுவோம் என்றார் கணக்குப் பார்த்தவர். மகள் என்னிடம்தான் இருக்கிறாள். ஆனால் ஒப்பந்தப்படி, குழந்தைக்கான வரிச்சலுகையை அவள் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்துப் படிவம் 8332-ல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதோடு எல்லாம் போச்சு என்று இருவருமே நினைத்துவிட்டோம்.

ஜூனில் ஒரு ராத்திரி அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 501-ஐப் படித்தபோதுதான் தூக்கம் கலைந்தது. 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்று ஒரு நிலை உண்டு, துணையில்லாமல் பிள்ளையோடு வீட்டை நடத்துபவருக்கானது, 'சிங்கிளை'விட வரி குறைவு. அந்தக் கையெழுத்து அதைத் தொடுவதே இல்லை! பிள்ளை பாதி வருடத்துக்கு மேல் என் வீட்டில் இருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நான் தந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் தொங்கிய காலண்டரில் இரவுகளை எண்ணினேன்: 241. வாடகை, கரண்ட் பில், மளிகை எல்லாம் கணக்கில் வரும். துணிமணியும் பள்ளிச் செலவும் வராது.

1040-எக்ஸ் படிவத்தில் திருத்தி அனுப்பினேன். வரிக்கணக்கில் மகள் என் டிபென்டென்ட் (என்னைச் சார்ந்தவள்) இல்லை என்பதால் அவள் பெயரைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 டாலரிலிருந்து 21,900 ஆனது. ரீஃபண்ட் வர மூன்று மாதம் பிடித்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்காக ஆபீஸில் கொடுத்திருந்த டபிள்யூ-4 படிவம் இன்னும் 'மேரீட்' என்றே கிடந்தது. அதையும் மாற்றினேன்.