ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் முதலில் குறைக்க வேண்டியது எதை?

குளிர் பிரதேசங்களில் வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் கருவி ஹீட் பம்ப். மின்கட்டணம் ஏறியதும் பலர் அறையின் தெர்மோஸ்டாட்டைத்தான் (அறை வெப்பநிலையை அமைக்கும் கருவி) குறைக்கிறார்கள். ஹீட் பம்ப்பில் கை வைக்க வேண்டிய இடம் வேறு: ரேடியேட்டருக்கு, அதாவது உள்ளே ஓடும் வெந்நீரால் அறையைச் சூடாக்கும் பலகைக்குப் போகும் தண்ணீரின் வெப்பநிலை.

ஹீட் பம்ப் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் சேர்க்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டுமோ அவ்வளவுக்குக் கம்ப்ரசர் பாடுபட வேண்டும். 55 டிகிரியில் ஓடுவதைவிட 40 டிகிரியில் ஓடினால் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும்.

குளிர் நாள் ஒன்றில் தொடங்குங்கள். ரேடியேட்டர் வால்வுகளை நன்றாகத் திறந்து வையுங்கள். தண்ணீரின் வெப்பநிலையை 2 டிகிரி குறைத்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அறை கதகதப்பாகவே இருந்தால் இன்னும் 2 டிகிரி. குளிர் தெரிந்தால் ஒரு படி ஏற்றி, அங்கேயே விட்டுவிடுங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே மாற்றும் வசதி இருந்தால் அவசியம் அதை இயக்குங்கள்.

இரவில் முழுவதும் அணைத்துவிட்டுக் காலையில் அவசரமாகச் சூடேற்றுவது பெரும்பாலும் வீண். இரவில் அறையின் வெப்பநிலையை ஓரிரு டிகிரி குறைத்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை: குளியல் தண்ணீர்த் தொட்டிக்கான அமைப்பு தனி. அதை இப்படிக் குறைக்காதீர்கள்; வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

வெளியே இருக்கும் யூனிட்டில் இலை, பனி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.