முட்டை போடாத கேக்கில் சறுக்கும் இடங்கள்

நல்லூர்த் திருவிழா தொடங்கி வீடே சைவமாகிவிட்டால் யாழ்ப்பாணத்தில் முட்டையில்லாக் கேக்குக்கு மவுசு கூடிவிடும். அனேகமாக அதில் ரின்பாலும் பட்டரும் இருக்கும். சைவக்காரருக்கு அது சரி, பாலும் தொடாத வீகன்காரருக்கு ஆகாது. யாருக்குச் செய்கிறோம் என்று கேட்காமல் மாவைக் குழைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, பத்து முட்டை கேட்கும் பட்டர் கேக் குறிப்பை வைத்துக்கொண்டு பத்துக்கும் மாற்றுத் தேடுவது. அந்தக் கேக் முட்டையை நம்பித்தான் எழும்புகிறது. ஒன்றிரண்டு முட்டை கேட்கும் குறிப்பாகப் பார்த்து எடுங்கள்.

மாற்றுகளில் விசித்திரமானது கடலை (கொண்டைக்கடலை) அவித்த தண்ணீர். அது வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று 2014இல் பிரான்சின் ஜோயல் ரோசல் காட்டினார். அடுத்த வருடம் அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு அக்குவாஃபாபா என்று பெயர் வைத்தார். ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி கணக்கு. நம் வீடுகளில் சுண்டலுக்குக் கடலை அவித்தால் இந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவோம். எடுத்து வைக்கலாம், ஆனால் உப்போ அப்பச்சோடாவோ போட்டு அவித்த தண்ணீர் வேண்டாம், ருசி கெடும். கறுப்புக் கடலை நிறம் இறக்கும், நுரையைச் சீனியோடு அடித்துக் காயவைக்கும் மெரிங்குக்கு வெள்ளைக் கடலைதான் நல்லது. தண்ணியாக இருந்தால் வற்றவிடுங்கள். ஆறியதும் விரலில் கொழகொழவென்று ஒட்ட வேண்டும். அடிக்கிற பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரை வராது. நாலு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் நுரை நின்று பிடிக்கும். மெரிங்கை 100 பாகை செல்சியஸ் அளவில் மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் சரிந்துவிடும். மாரி காலத்தில் சுட்டால் ஆறின கையோடு டின்னில் அடைத்துவிடுங்கள், வெளியில் வைத்தால் பிசுபிசுக்கும்.

ஆளிவிதையை முழுசாகப் போடாதீர்கள். அரைத்த தூள் ஒரு மேசைக்கரண்டிக்குத் தண்ணீர் மூன்று, பத்து நிமிடம் ஊறட்டும். அது மாவைப் பிடித்து வைக்கும், எழுப்பாது. எழுப்புவதற்கு அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியும் வினாகிரி ஒரு மேசைக்கரண்டியும் போதும். கேக் சுடும் அவனைச் (oven) சூடாக்கி வைத்த பிறகே இரண்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் பொங்கின காற்றெல்லாம் கோப்பையிலேயே போய்விடும்.

பனம்பழக் காலத்தில் பனங்களியையும் முயலலாம், ஒரு முட்டைக்குக் கால் கோப்பை. பனங்காய்ப் பணியாரத்துக்குச் செய்வது போலவே தும்பு போக வடித்து, பச்சை வாசனை போகக் காய்ச்சி, ஆறவிட்டுச் சேருங்கள். பச்சையாக ஊற்றினால் அந்த வாசனை அப்படியே நிற்கும், எவ்வளவு சீனி போட்டாலும் மறையாது.