ஆபீஸ் வேலையா லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

லினக்ஸோட மையப்பகுதிதான் கெர்னல், அதோட கோட்ல பண்ற மாத்தம்தான் பேட்ச். ஹார்ட்வேர ஓட்டற டிரைவர்ல ஒரு பக், ரெண்டு நாள் உக்காந்து ஃபிக்ஸ் பண்ணியாச்சு, மேனேஜரும் "அனுப்பிடுப்பா"ன்னுட்டாரு. உடனே அனுப்பிடாதீங்க.

மொதல்ல அந்த கோட் யாரோடது? டைப் அடிச்சது நாமதான், ஆனா இந்தியால 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17வது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் ஏதும் இல்லேன்னா, வேலைக்காக எழுதினதுக்கு மொதல் ஓனர் கம்பெனிதான். பேட்ச்ல போடற 'சைன்டு-ஆஃப்-பை' வரிய நெறைய பேர் சும்மா சடங்குன்னு நெனச்சுக்கறாங்க. 2003ல எஸ்சிஓங்கற யூனிக்ஸ் கம்பெனி, 'எங்க கோட் லினக்ஸ்குள்ள இருக்கு'ன்னு ஐபிஎம் மேல கேஸ் போட்டு பெரிய பஞ்சாயத்தாச்சு, அதுக்கப்புறம் 2004ல வந்தது இந்த வரி. இத குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு உங்க பேர்ல நீங்க கையெழுத்து போடறீங்க, அதனால மேனேஜர் வாய்வார்த்தை பத்தாது, லீகல் டீம்கிட்ட மெயில்ல ஓகே வாங்கி வச்சுக்கோங்க.

அடுத்தது மெயில், இதுலதான் நானே அசிங்கப்பட்டேன். கெர்னல் பேட்ச் எல்லாம் ஈமெயில்லதான் போகும், அவுட்லுக்ல காப்பி பேஸ்ட் பண்ணா டேப் ஸ்பேஸா மாறி வரியெல்லாம் ஒடஞ்சு அந்தப் பக்கம் அப்ளையே ஆகாது, எச்டிஎம்எல் மெயில்னா கெர்னல் ஆளுங்களோட பொது மெயிலிங் லிஸ்ட் வாசல்லயே திருப்பிடும். இதெல்லாம் சரி பண்ணி அனுப்பினா, கீழ எங்க கம்பெனி சர்வர் தானா ஒட்டிவிட்டுச்சு: 'இது ரகசியமானது, உங்களுக்கில்லேன்னா அழிச்சிடுங்க'. உலகமே படிக்கற லிஸ்டுக்கு! அந்த அடிக்குறிப்ப பாத்தா பேட்ச தொடவே மாட்டேங்கற மெயின்டெய்னருங்க (பேட்ச பாத்து உள்ள சேக்கறவங்க) இருக்காங்க. ஐடி டீம்கிட்ட கெஞ்சி அது ஒட்டாத ஒரு மெயில் ஐடி வாங்கி, 'கிட் சென்ட்-ஈமெயில்'ங்கற கமாண்ட்ல அனுப்புங்க.

கோட ஆறு மாசம் கம்பெனிக்குள்ளயே பொத்தி வச்சுட்டு மொத்தமா ஒரே பேட்சா கொட்டறதும் வேண்டாம், யாரு படிப்பா அத.

அப்புறம் நம்ம ஆபீஸ் குவார்ட்டர் எண்ட் டெட்லைன் அவங்களுக்கு எதுக்கு? கெர்னல் ரிலீஸ் 9, 10 வாரத்துக்கு ஒண்ணு, அதுல புதுசு உள்ள போற மெர்ஜ் விண்டோ வெறும் 2 வாரம், அது தெறந்தப்புறம் புது ஃபீச்சர தூக்கிட்டுப் போனா அடுத்த ரவுண்டுதான். தெனம் ஒரு 'எனி அப்டேட்' போட்டு நச்சரிக்காதீங்க. லாக்4ஜேங்கற லைப்ரரியோட பாதுகாப்பு ஓட்டை வெடிச்ச சமயம், 2022 ஜனவரில, ஒரு பெரிய கம்பெனி, கர்ல்ங்கற இலவச டேட்டா டிரான்ஸ்ஃபர் டூல எழுதின டேனியல் ஸ்டென்பெர்குக்கு, லாக்4ஜே பத்தி 24 மணி நேரத்துல பதில் வேணும்னு மெயில் போட்டுச்சு. அவருக்கும் அந்த கம்பெனிக்கும் எந்த ஒப்பந்தமும் கெடையாது, கர்ல் சி-ல எழுதினது, லாக்4ஜே ஜாவா. இந்த ரகத்துல சேந்துடாதீங்க.

வேலை மாறறப்ப ஒண்ணு மறந்துடறோம். கெர்னல்ல எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு சொல்ற 'மெயின்டெய்னர்ஸ்' ஃபைல்ல உங்க பழைய ஆபீஸ் மெயில் ஐடி இருந்தா கடைசி நாளுக்கு முன்னாடியே மாத்தி ஒரு பேட்ச் அனுப்பிடுங்க, பழைய ஐடிய புதுசோட இணைக்கற 'மெயில்மேப்' ஃபைல்லயும் புது ஐடிய சேத்துடுங்க, இல்லேன்னா அந்த டிரைவர்ல பக்னு யாராவது எழுதறதெல்லாம் பவுன்ஸ் ஆகிட்டே இருக்கும்.