மறந்துபோன சோல் பாடல்களைத் தொகுத்து வெளியிடுவது எப்படி

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில்கூட சின்னச் சின்ன சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் ஒரு இசை வகை) இசைத்தட்டு கம்பெனிகள் இருந்தன. கொஞ்சம் தட்டு அச்சடிப்பார்கள். உள்ளூர் வானொலியில் நாலு தடவை ஓடும். கையில் காசு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். அந்தத் தட்டுகளைத் தேடியெடுத்து முறைப்படி மறுவெளியீடு செய்வதையே சில தனியார் நிறுவனங்கள் தொழிலாக எடுத்துக்கொண்டன. லண்டனில் ஏஸ் நிறுவனத்தின் கென்ட் பிரிவு 1982-லேயே நடனக்காரர்களை மனதில் வைத்து இதைத் தொடங்கியது. சிகாகோவின் நியூமெரோ குரூப் வேறு வழியில் போனது. அதன் முதல் தொகுப்பு 2004-இல் வந்தது; ஓஹியோ மாநிலம் கொலம்பஸில் பில் மாஸ் நடத்திய கேப்சோல் என்ற ஒரே கம்பெனியின் பாடல்கள் அதில் இருந்தன.

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: எது உங்கள் தொகுப்பைக் கட்டும் நூல்? ஒரு கம்பெனி, ஒரு ஊர், ஒரு தயாரிப்பாளர், இல்லையென்றால் ஒரு தாள வகை. ‘அரிய சோல் பாடல்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கட்டினால் உரிமை கேட்டுப் பதினைந்து பேரிடம் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும். ஒரே கம்பெனி என்றால் பல சமயம் ஒரே குடும்பத்தோடு பேசினால் போதும். ஒரு எல்பி-க்கு, அதாவது பெரிய நீண்ட நேர இசைத்தட்டுக்கு, 14 முதல் 16 பாடல் வேண்டும். பட்டியலை நாற்பதில் தொடங்குங்கள். உரிமை கிடைக்காமல் சில உதிரும், நல்ல மூலம் கிடைக்காமல் சில உதிரும்.

தேடலுக்கான அத்தனை துப்பும் பாடல் முதலில் வெளிவந்த அந்த ஏழு அங்குலத் தட்டிலேயே இருக்கிறது. லேபிளில் பாடலின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருப்பவர்கள் பாடலாசிரியர்கள். ஓரத்தில் இருப்பது பதிப்பாளர் பெயர். பக்கத்திலேயே பிஎம்ஐ அல்லது அஸ்காப் என்று போட்டிருக்கும்; இரண்டும் பாடலாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் அமைப்புகள். தயாரிப்பாளர், இசை ஒழுங்கமைப்பாளர், நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தபால் பெட்டி எண். அடுத்து தட்டை விளக்கொளியில் சாய்த்து, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். அங்கே மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சுக்கு அடையாளமாகப் பொறித்த எண், இருக்கும். அதோடு ஒரு சிறிய முக்கோணமும் எண்ணும் இருந்தால், தட்டு லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையோடு தொடர்புடையது. அந்த எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டவை. தேதி தெரிந்த வேறு தட்டுகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். கள்ள அச்சுகளைப் பிடிப்பதும் இங்கேதான். மூலத்தில் முத்திரையாகப் பதிந்திருக்கும் எழுத்து, போலியில் பெரும்பாலும் கையால் கீறியதாக இருக்கும்.

ஆட்களைத் தேடும்போது லேபிளில் இருக்கும் பாடகர் பெயரைவிடப் பாடலாசிரியர் பெயர்தான் கைகொடுக்கும். குழுவின் பெயர் புனைபெயர். ஆசிரியர் பெயர் பெரும்பாலும் உண்மைப் பெயர். பிஎம்ஐ, அஸ்காப் இரண்டின் இணையப் பட்டியலிலும் தேடுங்கள். பிறகு காப்புரிமை அலுவலகத்தின் பழைய பதிவேடுகள், பில்போர்டு, கேஷ் பாக்ஸ் இதழ்களின் ஸ்கேன் பிரதிகள், கம்பெனி இருந்த கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) வணிகப் பெயர்ப் பதிவுகள். ஆள் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் இரங்கல் குறிப்பைத் தேடுங்கள். பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் பெயரெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பாடியவர்களில் பலர் பின்னாளில் தேவாலய இசைக்குத் திரும்பியவர்கள். அந்த வட்டாரச் சபைகளுக்கு ஒரு போன் போட்டாலே சில சமயம் வேலை முடிந்துவிடும்.

இனி உரிமை. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு பாடலுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு. இது பதிப்பாளரிடம் இருக்கும். மற்றது அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. முதலாவதற்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 115-வது பிரிவில் கட்டாய உரிமம் உண்டு, அதாவது சட்டம் சொல்லும் தொகையைக் கட்டினால் உரிமையாளர் மறுக்க முடியாது. 5 நிமிடத்துக்கு மேற்படாத பாடலுக்கு, ஒரு பிரதிக்கு 2023-இல் 12 சென்ட். அதன்பின் விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறுகிறது. அந்த 12 சென்ட் கணக்கிலேயே 16 பாடல், 1,000 பிரதி என்றால் 1,920 டாலர். இதைப் பட்ஜெட்டில் போட மறந்துவிட்டுக் கடைசியில் விழிப்பவர்கள் உண்டு.

ஒலிப்பதிவுக்குக் கட்டாய உரிமம் கிடையாது. உரிமையாளர் சரி என்று சொன்னால்தான் உண்டு. ‘ஐம்பது வருஷப் பழசு, யார் கேட்கப்போகிறார்கள்’ என்ற பேச்செல்லாம் செல்லாது. 2018-இன் இசை நவீனமயமாக்கல் சட்டப்படி 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது.

அடுத்த சிக்கல்: ஒரே பதிவுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். கம்பெனி நடத்தியவரின் மகன், பழைய பங்காளி, ஏலத்தில் டேப்பை வாங்கியவர். டேப் பெட்டி கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. அன்றைய ஒப்பந்தத்திலிருந்து இன்றைய ஆள்வரை கைமாறிய காகிதங்களைக் கேளுங்கள். ஒரு கண்ணி விடுபட்டிருந்தால், பிறகு யாராவது உரிமை கோரினால் தானே பொறுப்பு என்று கையெழுத்திடுபவர் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எல்பி-யா சிடி-யா டிஜிட்டலா, முன்பணம் எவ்வளவு, விற்பனையில் பங்கு எவ்வளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று எல்லாம் வரட்டும். திரைப்படம், விளம்பரத்துக்குக் கொடுத்தால் எப்படிப் பிரிப்பது என்பதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். கொலம்பஸின் பிரிக்ஸ் கம்பெனி பற்றிய நியூமெரோ தொகுப்பில் பென்னி அண்ட் த குவார்ட்டர்ஸ் என்ற குழுவின் ஒரு மாதிரிப் பதிவு இருந்தது. பாடியது யாரென்று வெளியிட்டவர்களுக்கே தெரியாது. 2010-இல் அது ஒரு திரைப்படத்தில் இடம்பெற்றுப் புகழ்பெற்ற பிறகுதான் பாடகி கண்டுபிடிக்கப்பட்டார். இப்படி ஆள் தெரியாத பாடல் இருந்தால் அவருடைய பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.

ஒலிக்கு முதல் தேர்வு மாஸ்டர் டேப். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது சிதையத் தொடங்கிய அசிடேட் டேப். அதைச் சூடாக்கவே கூடாது. 70-களின் நடுவிலிருந்து வந்த சில பாலியெஸ்டர் டேப்புகள் ஓட்டும்போது பிசுபிசுத்து மெஷினில் ஒட்டிக் கிறீச்சிடும். அவற்றை மட்டும்தான் ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உலர வைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் டேப் போய்விடும். சந்தேகமாக இருந்தால் டேப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டேப் இல்லாதபோது தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே பாடலுக்கு முடிந்தால் மூன்று பிரதி சேருங்கள். லேபிள் ஒட்டியதாக, தட்டு விறைப்பாக இருந்தால் அது ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் தேய்ந்த ஊசியில் ஓடியிருந்தால் உள்ளே பாழாகியிருக்கும். கண்ணை நம்பாதீர்கள், போட்டுக் கேளுங்கள்.

வாலை வடிநீரில் கழுவி நன்றாகக் காய வைத்தபின் தட்டை மையப்படுத்துங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. 45 தட்டின் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் அந்த ஏழு அங்குலத் தட்டு) ஓட்டை 38 மில்லிமீட்டர் அகலம். அடாப்டரை எடுத்துவிட்டுத் தட்டைச் சும்மா வைத்தால் எந்தப் பக்கமும் நகர்த்தலாம். கடைசியில் உள்ள வட்டப் பள்ளத்தில் ஊசியை விட்டு, ஊசியைத் தாங்கும் கம்பியின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இடமும் வலமும் ஆடினால் தட்டு மையத்தில் இல்லை. ஊசியைத் தூக்கி, தட்டை நூலளவு தள்ளி, மறுபடி பாருங்கள். ஆட்டம் நின்றதும் பியானோவின் நீண்ட சுரத்தைக் கேட்டால் வித்தியாசம் புரியும், அலையாமல் நிற்கும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல் போதும். மோனோ தட்டானாலும் இரண்டு சேனலிலும் எடுங்கள். பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒன்று சுத்தமாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு அளவு ஊசியிலும் முயன்று பாருங்கள். பழைய மோனோ ஊசியின் முனை 1 மில், அதாவது 25 மைக்ரான் ஆரம். அது தேய்த்துவிட்டுப் போன இடத்துக்குக் கீழே, மெல்லிய ஊசிக்குப் புதுச் சுவர் கிடைக்கலாம்.

டிக் டிக் சத்தங்களைக் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். இரைச்சல் நீக்கியை மொத்தமாகப் போட்டால் சிம்பலின் மினுமினுப்பும், பாட்டு மங்கி முடியும் இடத்தில் அறையின் காற்றும் சேர்ந்தே போய்விடும். லேசான இரைச்சல் இருந்தால் இருக்கட்டும்.

பாடல்களை அடுக்கும் வரிசையில் ஒரு பொறியியல் விஷயம் இருக்கிறது. எல்பி-யின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடும், உள் ஓரத்தில் 21 செ.மீ. மட்டுமே. உள்ளே போகப்போக ‘ஸ’ சத்தம் கரகரக்கும். ஆகவே எக்காளமும் கத்தலும் நிறைந்த வேகப் பாடல் முதலில், மெதுவான பாடல் பக்கத்தின் கடைசியில். ஒரு பக்கம் 18 முதல் 20 நிமிடம் வரை நல்லது. 22-ஐத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்தே பள்ளத்தை வெட்ட வேண்டிவரும்.

படங்களுக்குக் குடும்பத்தாரின் ஆல்பம்தான் கதி. மூலப்படத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்கேனரை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போய் 600 டிபிஐ-யில் எடுத்து, பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உறை அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெயரின் எழுத்துக்கூட்டலையும் அந்தந்த வீட்டில் கேட்டுச் சரிபாருங்கள். பழைய லேபிளிலேயே தப்பாக இருக்கும்.

ஆலையிலிருந்து சோதனைத் தட்டுகள் வந்ததும் குறைந்தது மூன்றை முழுக்கக் கேளுங்கள். ஒரு ‘டப்’ சத்தம் ஒரே ஒரு தட்டில் இருந்தால் அந்தப் பிரதியின் குறை. மூன்றிலும் அதே நொடியில் வந்தால் அச்சிலோ வெட்டிலோ கோளாறு, நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் கோப்பை ஒருமுறை கேட்டுவிடுங்கள், அந்த டப் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய 45-லேயே இருந்திருக்கலாம்.