சளியா, அலர்ஜியா, வேறு ஏதாவதா? பலரும் தவறும் இடங்கள்

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், தண்ணீர் மாதிரி மூக்கொழுகல், வெயில் ஏறியதும் எல்லாம் அடங்கிவிடும், மறுநாள் திரும்பவும் அதே கதை. இதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் "சளி விடவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும், இருமல் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் இழுக்கும். மாதக்கணக்கில் வந்து வந்து போவது பெரும்பாலும் அலர்ஜி.

அரிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூக்கு, கண், மேலண்ணம் எல்லாம் நமநமவென்று இருந்தால் அலர்ஜி பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். குழந்தைகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும். மெத்தை, தலையணையில் வாழும் தூசி உண்ணிகள், ஒட்டடை அடிக்கும் தூசி, பூனை நாய் ரோமம் என எது கிளப்பிவிடுகிறது என்று கவனியுங்கள். ஆனால் காய்ச்சல் அடித்தால் அதை அலர்ஜி என்று தள்ளிவிடாதீர்கள், அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது.

எனக்கு அதிகக் கவலை தருவது சளியின் நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்குவது. மஞ்சளோ பச்சையோ, அந்த நிறம் கிருமியை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்களால் வருவது, வைரஸ் ஜலதோஷத்திலும் சில நாளில் சளி அப்படித்தான் கெட்டியாகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்த பிறகு திரும்பக் காய்ச்சலும் முகவலியும் வருகிறது என்றால் சைனஸ் தொற்றாக இருக்கலாம், அப்போது டாக்டரைப் பாருங்கள். அப்புறம், மூக்கடைப்புக்குப் போடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம், அதுவே அடைப்பை உண்டாக்கும்.

திடீரென்று கடும் காய்ச்சலும் உடம்பு முறித்துப்போட்ட வலியுமாக ஆளைச் சாய்ப்பது ஃப்ளூ. மழைக்காலத்தில் மூக்கே ஒழுகாமல் அப்படிக் காய்ச்சல் அடித்தால் டெங்குவையும் நினைக்க வேண்டும், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

இருமலில் தவறுவதுதான் ஆபத்து. ராத்திரியிலும் விடியற்காலையிலும் மட்டும் வரும் வறட்டு இருமல், இழுப்புச் சத்தமே இல்லாவிட்டாலும், ஆஸ்துமாவாக இருக்கலாம், அதற்கு இருமல் சிரப் பாட்டில் பாட்டிலாகக் குடித்துப் பயனில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் கூடக் காத்திருக்காதீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்குச் சளி என்றால் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறோம், மூச்சை எண்ணுவதில்லை. அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவோ அதற்கு மேலோ போனால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.