ஒல்லாந்து வானம், நிலாவெளி உப்பு

நிலாவெளி உப்பளத்தை எண்ணெய் வண்ணத்தில் எத்தனையோ தடவை வரைந்து பார்த்தேன். உப்புக் குவியல் எல்லாம் ஒரே வெள்ளை, வானம் ஒரே நீலம். படம் தட்டையாகவே கிடந்தது. ஒல்லாந்து ஓவியர் யாகோப் வான் ராய்ஸ்டால் ஹார்லெம் நகரைத் தூரத்தில் வைத்து வரைந்த படத்தைப் பார்த்து வரைந்த பிறகுதான் பிழை எங்கே என்று பிடிபட்டது. 1670களில் வரைந்த படம். 1639இல் நம்முடைய திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்களே, அதே ஒல்லாந்தரின் ஊர். படம் இப்போது ஹேக் நகரின் மவுரிட்ஷூயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூலப்படம் 55.5 சென்ரிமீற்றர் உயரம், 62 அகலம். நீங்களும் அதைப் பார்த்து வரைந்து பழகுவதற்குப் பாதி அளவு போதும்: 28க்கு 31. ஹார்ட்போர்ட் துண்டொன்றை உரஞ்சி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். பின்புறமும் ஒரு பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் மார்கழி மழையில் பலகை வளைந்துவிடும். காய்ந்ததும் றோ அம்பர் என்ற மண்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகையில் தொடங்கினால் எந்த நிறம் இருட்டு, எது வெளிச்சம் என்று கண் ஏமாறும்.

கட்டம் போட்டு, முதலில் அடிவானத்தைக் குறியுங்கள். வானம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நிலத்துக்கு ஒன்பது சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். பயந்து அடிவானக் கோட்டை மேலே ஏற்றாதீர்கள்.

அடுத்தது அம்பர் மட்டும் கொண்டு இருட்டும் வெளிச்சமும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முன்னால் மணல்மேடு இருட்டு. அதற்கு அப்பால் துணி வெளுக்கும் புல்வெளியில் வெயில். பிறகு மரங்கள் இருட்டு, மறுபடி ஒரு கீற்று வெளிச்சம், கடைசியில் அடிவானத்தில் தேவாலயம். நிலம் இப்படிப் பட்டை பட்டையாய் இருப்பதற்குக் காரணம் மேலே இருக்கிற மேகங்கள். மேகத்தை வரைகிறவர் அதன் நிழலையும் வரைய வேண்டும். என் உப்பளப் படங்களில் அந்த நிழல்தான் இல்லை.

இது காய இரண்டு மூன்று நாள் விடுங்கள். அம்பர் சீக்கிரம் காயும்.

வானத்துக்கு வெள்ளை, ஐவரி பிளாக் என்ற கறுப்பு, மஞ்சள் காவி, கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். முதல் தடவை நீலத்தை அப்படியே பூசினேன். வானம் முன்னால் வந்து நின்றது. அப்புறம் வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்து, காவி கலந்த மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு வைத்தேன். சாம்பல் நிறம் கண்முன்னே நீலமாயிற்று. ஒரு கண்ணாடித் துண்டில் இதை நீங்களே செய்து பாருங்கள். எந்தப் பாடமும் இவ்வளவு வேகமாய் ஏறாது. பச்சைக் குழாயையும் திறக்க வேண்டாம். காவியும் கறுப்பும் கலந்தாலே மரத்துக்கான பச்சை வந்துவிடும்.

மேல் பூச்சுகளில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூடவேண்டும். மேலே எண்ணெய் குறைந்தால் பின்னாளில் பூச்சில் வெடிப்பு விழும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

வெளுத்த துணிகள் கடைசி. தூரிகை நிறைய வெள்ளை, துளி காவி, ஒரே இழுப்பு. திரும்பத் தொடக்கூடாது.

படத்தின் பின்னால் "ராய்ஸ்டாலைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். சரி, அதே நிறங்களோடு வெளியே போகலாம்.

ஆவணியில் நான் மறுபடி உப்பளத்துக்குப் போனேன். மேகம் ஒன்று கடந்தபோது பாத்திகள் பாதி கறுத்தன. தூரத்தில் ஒரு குவியலில் மட்டும் வெயில் நின்றது. வெள்ளையை அதற்கு மட்டும் எடுத்தேன்.